எந்திரம் மலையில், சாவி எங்கே?

தொழில்நுட்பம், கணினி நிரல், உலக அரசியல் ஆகிய மூன்றும் நாளிதழ்களில் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலோ அவை ஒரே மரவள்ளிக் கொல்லையில் அடுத்தடுத்து நிற்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் இம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என 'நாடு' என்று முடியும் பெயர்களைத் தாங்கிய 14 ஊராட்சிகளில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர்; இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. வல்வில் ஓரியின் மலை, சித்தர்களின் மூலிகை மலை, ஆகாய கங்கை அருவியுள்ள சுற்றுலா மலை என்ற மூன்று சித்திரங்களோடு சமவெளிக்காரர் நிறுத்திக்கொள்வதால், கடந்த 80 ஆண்டுகளின் பெரிய தொழில்நுட்பத் திருப்பங்கள் சில இம்மலையின் வயல்களைத் தொட்டுச் சென்ற வரலாறு போதிய கவனம் பெறவில்லை.

அவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், எந்தக் கருவியைப் பற்றியும் எழுப்பத்தக்க முதல் கேள்வி அது புதியதா, மலிவானதா, வேகமானதா என்பதன்று. அது பிழை செய்யும் நாளில் அதைத் திருத்தும் ஆற்றலும் உரிமையும் உள்ளவர் எங்கே இருக்கிறார் என்பதே. இந்தக் கேள்விக்குக் கொல்லிமலை தரும் விடைகள் ஒன்றுபோல் இல்லை.

போரும் ஜவ்வரிசியும்

கொல்லிமலையின் முதன்மைப் பணப்பயிர்களுள் ஒன்றான மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றிய கிழங்கு. அது சேலம், நாமக்கல் வட்டாரத்தின் தொழிற்பயிராக மாறியதற்கு இரண்டாம் உலகப் போரே நேரடிக் காரணம். அதற்கு முன்பு ஜவ்வரிசி கீழை நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சரக்கு. ஜப்பானியப் படைகள் 1941 டிசம்பரில் மலேயாவில் நுழைந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரையும் பிடித்துக்கொண்டபின் அந்த வரத்து நின்றுபோயிற்று. அப்போது உண்டான தட்டுப்பாட்டில்தான், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் 1943 வாக்கில் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினர். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலைச் சல்லடையில் பிரித்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த ஈரமாவைத் துணித்தூளியில் ஆட்டி முத்துமுத்தாகத் திரட்டி, வறுத்து வெயிலில் உலர்த்தும் அம்முறை உள்ளூர்க் கைகளும் உள்ளூர்ப் பட்டறைகளும் சேர்ந்து வடித்தெடுத்த தொழில்நுட்பம். உற்பத்தியாளர்களுக்காக 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஜவ்வரிசியின் பெரும் சந்தை தமிழ்நாட்டில் இல்லை; மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாள்களில் சமைக்கப்படும் கிச்சடியில் இருக்கிறது. ஆகவே கொல்லிமலைக் கிழங்கின் விலையில் மராத்தியரின் ஏகாதசிக்கும் ஒரு பங்கு உண்டு; மக்காச்சோள மாவின் விலைக்கும் தாய்லாந்துக் கிழங்கு மாவின் விலைக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

மலையின் மேட்டுக்கொல்லைகளில் அதுவரை விளைந்தவை சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்கள். கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை எனச் சாமையில் மட்டுமே பல வகைகளை மக்கள் பெயர் சொல்லிப் பிரித்து, மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப விதைத்து வந்தனர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கொல்லைகளில் கணிசமான பகுதி மரவள்ளிக்குப் போயிற்று. இதை மக்களின் அறியாமை என்று வருந்துவோர் உண்டு. அது சரியான கணிப்பன்று. மரவள்ளிக்கு வாங்குபவர் உண்டு, கையில் பணம் சேரும், உரலில் குத்தும் பாடு இல்லை. சோற்றுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கும், அதுவும் 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கும். இந்த நான்கையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் எந்தக் குடும்பமும் அதே முடிவைத்தான் எடுத்திருக்கும்.

ஆயினும் அம்முடிவோடு கூடவே ஓர் அளவுகோலும் வந்து சேர்ந்தது. ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தின் அளவான 'பாயிண்ட்' கணக்கிலேயே விலை வைக்கின்றன. மாதிரிக் கிழங்கைக் காற்றில் ஒரு முறையும் தண்ணீரில் அமிழ்த்தி ஒரு முறையும் நிறுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அடர்த்தியைக் கணித்து, அடர்த்தி மிகுந்தால் மாவு மிகும் என்ற விதிப்படி பாயிண்ட் சொல்லப்படுகிறது. இயற்பியல் நோக்கில் குறையற்ற முறைதான். ஆனால் அளவி ஆலை வாசலில் இருக்கிறது. கிழங்கு பிடுங்கிய மறுநாளே கெடத் தொடங்கும் பொருள். லாரி வாடகை கொடுத்து இறக்கிவந்த சரக்கை, சொன்ன பாயிண்ட் குறைவு என்பதற்காகத் திருப்பி மலையேற்ற எவராலும் இயலாது. விவசாயிகள், ஆலை உரிமையாளர்கள், அதிகாரிகள் மூவரும் அமர்ந்து விலை பேசும் முத்தரப்புக் கூட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இம்மாவட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுவதன் காரணம் இதுதான்.

ஒரு குளவியின் பயணம்

மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து உலகெங்கும் போனபோது அதன் பகைப்பூச்சிகள் பின்தங்கிவிட்டன. பின்னர் அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மரவள்ளி மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ வட்டாரத்தில் தென்பட்டு, சில ஆண்டுகளில் அக்கண்டத்தின் கிழங்கு வயல்களைச் சூறையாடியது. வெண்மாவு பூசியதுபோல் குருத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி தாக்கினால், நுனி இலைகள் சுருண்டு கொத்தாகத் திரண்டு, கணுக்களின் இடைவெளி குறுகி, தண்டு கோணலாகிவிடும், கிழங்கு பருப்பதில்லை. ஆண் துணையின்றியே பெண் பூச்சி இனம்பெருக்குவதால் ஒன்று தப்பினாலும் போதும். நைஜீரியாவில் இயங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரனும் பிறரும் பூச்சியின் தாயகத்தைத் தேடித் தென்னமெரிக்காவை அலசினர். 1981இல் பராகுவேயில் பூச்சியும், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் அகப்பட்டன. அனகைரஸ் லோபெசி எனப்படும் அக்குளவி இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறியது. ஆப்பிரிக்கா முழுவதும் அதைப் பரப்பிய பணிக்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களிலும் பரவியபோது, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்து, தனிமைச் சோதனைக்கு உட்படுத்தி, பெருக்கியது. 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதன் முதல் வயல்வெளி விடுவிப்பு நடந்தது. பராகுவேயில் பிடிபட்டு, நைஜீரியாவிலும் பெனினிலும் வளர்ந்து, தாய்லாந்தின் வயல்களையும் காத்து, இந்தியாவுக்கு வந்த இக்குளவிக்குக் காப்புரிமைக் கட்டணமோ மாதச் சந்தாவோ கிடையாது. விடுவித்தபின் அது தானே பெருகித் தானே தேடிச் செல்லும். திருத்துபவர் யார் என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை விந்தையானது: ஒருவரும் திருத்தத் தேவையில்லை, பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்து அதைக் கொல்லாதிருந்தால் போதும்.

இந்தத் தாராளம் இனியும் தொடருமா என்பது உலக அரசியல் சார்ந்த கேள்வி. உயிரின வளங்கள் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டவை என்று 1992ஆம் ஆண்டின் பல்லுயிர்மை உடன்படிக்கை நிறுவியது. வளத்தை எடுப்பவர் பயனைப் பகிர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் நகோயா நெறிமுறை விதித்தது. இந்தியாவும் 2002இல் பல்லுயிர்மைச் சட்டம் இயற்றியது. வேப்ப மரத்துக்கும் மஞ்சளுக்கும் வெளிநாட்டார் காப்புரிமை கோரிய அனுபவத்துக்குப் பின் இவ்வரண் தேவையானதே. எனினும், 1981இல் ஒரு குளவி கடந்த எல்லைகளை இன்று கடக்க எத்தனை இசைவுத் தாள்கள் வேண்டும் என்று உயிரியல் கட்டுப்பாட்டு அறிஞர்கள் எழுப்பும் கவலையையும் தள்ளிவிட முடியாது. கொள்ளையைத் தடுக்கும் சட்டம் கொடையையும் தடுத்துவிடாமல் இருக்க விதிவிலக்குகள் தேவை. அவற்றை எழுதும் மேசைகளில் மரவள்ளி பயிரிடும் நாடுகள் இதுவரை காட்டிய ஊக்கம் குறைவு.

தான்சானிய இலையும் தமிழ்நாட்டு இலையும்

இதே பயிரில் கணினி நிரலும் நுழைந்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்வில்லேஜ் திட்டம், ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நுரு என்ற கைபேசிச் செயலியை உருவாக்கியது. மரவள்ளி இலையின்மீது கைபேசியைப் பிடித்தால் தேமல் நோயா, பழுப்புக் கீற்று நோயா, பச்சைச் செவ்வுண்ணிச் சேதமா என்று அது சொல்லும். இணையத் தொடர்பில்லாமலே கைபேசிக்குள்ளேயே இயங்கும் என்பது, சிக்னல் ஒரு வளைவில் கிடைத்து மறுவளைவில் மறையும் கொல்லிமலை போன்ற இடத்துக்கு மிகவும் ஏற்ற பண்பு. இதன் உள்ளே இருப்பது இயந்திரக் கற்றல், அதாவது விதிகளை மனிதர் ஒவ்வொன்றாக எழுதித் தராமல், பெயரிட்ட படங்களை ஏராளமாகக் காட்டி, வேறுபாட்டை நிரலே கணக்கிட்டுப் பழகிக்கொள்ளும் முறை. ஆகையால் காட்டப்பட்ட படங்கள் எவ்வூரைச் சேர்ந்தவையோ அவ்வூரின் கண்ணே அதற்கு வாய்க்கும். அடித்தளப் படங்கள் தான்சானிய வயல்களில் எடுக்கப்பட்டவை. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாழாக்கும் பழுப்புக் கீற்று நோய் இந்தியாவில் இல்லை. இங்குள்ள தேமல் நோயை உண்டாக்குபவை இந்தியத் தேமல் வைரசும் இலங்கைத் தேமல் வைரசும். இங்கு நடப்படுபவை முள்ளுவாடி, குங்குமரோஸ், எச்-226 போன்ற வேறு வகைகள். மேலும், சேமித்த படங்களில் நன்றாகத் தேறிய அந்த மாதிரி நேரடியாக வயலில் சோதிக்கப்பட்டபோது கணிசமாகத் தடுமாறியதையும், நோய் இளநிலையில் இருந்த இலைகளில் அத்தடுமாற்றம் மிகுந்ததையும் அதை உருவாக்கியவர்களே 2019இல் வெளியிட்டனர். அவர்களின் அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஏனெனில் விவசாயிக்கு உதவி தேவைப்படுவது இளநிலையில்தான், முற்றிய தேமலைச் சொல்ல நிரல் வேண்டியதில்லை, எட்டி நின்று பார்த்தாலே தெரியும்.

இக்குறையைத் திருத்தும் வழி எளிது: ஏத்தாப்பூரும், திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும், மலையின் விவசாயிகளும் சேர்ந்து இங்குள்ள இலைகளின் படங்களைத் தொகுத்துப் பெயரிட்டால் நிரலை இங்கேயே மறுபயிற்சி செய்துகொள்ளலாம். எடுக்கப்படும் படங்கள் யாருடைய உடைமை என்பதே சிக்கல். மலையின் சாமை விதையை ஒரு வெளிநாட்டு நிறுவனம் எடுத்துச்செல்ல இசைவு வேண்டும். அதே மலையின் பத்தாயிரம் இலைப் படங்களை ஒரு செயலி உறிஞ்சிக்கொள்ள, யாரும் படிக்காத நிபந்தனைப் பக்கத்தில் ஒரு விரல் தட்டு போதும். மரபணு வரிசைத் தரவைப் பயன்படுத்தி ஈட்டும் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்று பல்லுயிர்மை உடன்படிக்கை நாடுகள் 2024இல் கொலம்பியாவின் காலியில் ஒப்புக்கொண்டு, 2025 பிப்ரவரியில் அதற்கென ஒரு நிதியம் தொடங்கியுள்ளன. இலைப் படங்களுக்கு அப்படியொரு பேச்சு இன்னும் சூடுபிடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் நிரல் எழுதும் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலிருந்து ஸோஹோ நிறுவனம் உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்கிறது; சிற்றூரில் அமர்ந்து உலகத்தரத்தில் நிரல் எழுத முடியும் என்பது அதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. நிரலாளர் சிற்றூரில் அமர்வதும், சிற்றூரின் சிக்கலுக்கு நிரல் எழுதுவதும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்; பின்னதற்குச் சந்தை சிறியது, ஆகவே அரசும் பல்கலைக்கழகமும் முன்வந்தால்தான் உண்டு.

கைரேகையும் ஒரு வரம்பெண்ணும்

கொல்லிமலையில் மிக அதிகமானோர் மாதந்தோறும் சந்திக்கும் கணினி நிரல் எது என்று பார்த்தால், அது நியாயவிலைக் கடையின் விற்பனை முனையக் கருவிக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டையும், 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பும் நடைமுறைக்கு வந்தன. அட்டைதாரர் விரலை வைத்ததும் கருவி ரேகையின் முனைகளையும் கிளைகளையும் புள்ளிகளாக எடுத்து, மறையாக்கம் செய்து அனுப்புகிறது. ஆதார் தரவகத்தில் உள்ள பதிவோடு ஒப்பிட்ட பின் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை வருகிறது. ஒப்பீடு நூற்றுக்கு நூறு பொருந்துவதே இல்லை. பொருத்தத்தின் மதிப்பெண் குறித்த வரம்பைத் தாண்டினால் 'ஆம்'. அந்த வரம்பை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், உரியவர் மறுக்கப்படுவது கூடும், தாழ்த்தினால் மறுதலை. ஆக, கிழங்கு பிடுங்கியும் மிளகு பறிக்க மரமேறியும் ரேகை தேய்ந்த முதியவர் 'ரேகை விழல' என்ற சொல்லைக் கேட்டு மறுபடி விரலைத் துடைத்து வைப்பது, எங்கோ எழுதப்பட்ட ஓர் எண்ணின் விளைவு. நிரலாளர் அதைப் பொறியியல் முடிவாகக் கருதுவார். உண்மையில் அது யாருடைய இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அரசியல் முடிவு, எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்படாத முடிவு. கருவிழிப் பதிவு, ஒருமுறைக் கடவுச்சொல், வேறொருவருக்கு அளிக்கும் அங்கீகாரம் முதலிய மாற்றுவழிகள் சேர்க்கப்பட்டிருப்பது நல்லதே. ஆனால் கடைக்காரர் கையில் இருப்பது திரை மட்டுமே என்பதால், தெரிந்த முகத்தைத் தெரியும் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவிலும் இதே அமைப்பு தெரிகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவி உள்ளிட்ட திட்டங்கள் அந்த எண்ணோடு பிணைக்கப்படுகின்றன. எண் பட்டாவோடு பிணைக்கப்படுகிறது. பாட்டனார் பெயரிலேயே பட்டா தங்கிவிட்ட குடும்பத்தில் பேரன் உழுதாலும் படிவம் அவனை உழவனாகக் காண்பதில்லை.

இதற்கு மாற்றான ஒரு முன்னுதாரணம் தமிழ் மண்ணிலேயே உண்டு. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரிலிருந்த மையம் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து வங்கக் கடல் அலை உயர முன்கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பிற்று. அங்கே அது ஒலிபெருக்கியில் தமிழில் வாசிக்கப்பட்டது. வல்லரசு ஒன்றின் போர்க்கப்பல்களுக்காகச் செய்யப்பட்ட கணிப்பு கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது என்பதைவிட, நடுவில் ஊரார் ஒருவர் அமர்ந்து, தவறாகத் தோன்றியதை மறுத்துக் கேட்கவும் ஊர்ப்பேச்சில் மாற்றிச் சொல்லவும் இடமிருந்தது என்பதே அதன் சிறப்பு. கொல்லிமலையிலும் இந்நிறுவனத்தின் கைவண்ணம் உண்டு. ஆனால் அங்கே அது கணினியாக வரவில்லை, உமி நீக்கும் எந்திரமாக வந்தது.

சாமையின் உமி

கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம். சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றைக் கடினமான உமி மூடியிருப்பதால் முதலில் உமி நீக்கியாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சாமை மணியை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. சிறுதானியம் மறைந்ததற்கு நாவின் சுவை மாறியதையும் நாகரிக மோகத்தையும் காரணம் காட்டும் கட்டுரைகள், இந்த உலக்கையைக் கண்டுகொள்வதில்லை. நெல் அரைவைக்கு ஆலைமேல் ஆலை எழுந்த நூற்றாண்டில் சாமைக்கென ஓர் எந்திரம் வடிக்க முனைந்தோர் மிகச் சிலரே. ஏழையின் தானியம் என்பதால் பொறியியலும் அதை ஏழையாகவே வைத்தது. பசுமைப் புரட்சியின் சிற்பிகளுள் ஒருவரான சுவாமிநாதன் நிறுவிய அமைப்பே, 1990களின் பிற்பகுதியிலிருந்து கொல்லிமலையில் விதை சேமிப்பையும், பெண்கள் குழுக்கள் நடத்தும் அரைவைக் கூடங்களையும், சாமை ரவை, கேழ்வரகு மால்ட் போன்ற பண்டங்களின் விற்பனையையும் முன்னெடுத்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பம்.

அந்த எந்திரத்தின் இயக்கம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளத்தக்கது. மேலே கொட்டும் தானியம் சுழலும் விசிறித் தட்டின் நடுவில் விழுந்து, விசையோடு வெளிச்சுவரில் மோதும்போது உமி பிளக்கிறது; காற்று உமியை ஒருபக்கம் ஊதித் தள்ள, அரிசி கீழிறங்குகிறது. சுழற்சி வேகம் மிகுந்தால் மணி உடைந்து குருணையாகும், குறைந்தால் உமியோடே வெளிவரும். மின்னழுத்தம் தாழும் மாலை நேரங்களில் சாமை உமியோடு வருவதன் காரணம் இதுதான். அதைக் கண்டதும் ஓட்டும் பெண் தானியத்தை மறுசுற்றுக்கு விடுகிறார், அல்லது கதவைச் சற்று மூடி வரத்தைக் குறைக்கிறார், ஈரம் மிகுந்திருந்தால் வெயிலில் போடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது உள்ளூர் மெக்கானிக்குக்குக் கைவந்த வேலை. கட்டவெட்டிச் சாமைக்கும் மல்லியச் சாமைக்கும் மணியின் பருமன் வேறு என்றால் சல்லடை மாறும். திருத்தும் அதிகாரம் முழுவதும் கருவியின் பக்கத்திலேயே நிற்கிறது. இக்கூடங்கள் தங்குதடையின்றி நடந்தன என்று சொல்வதற்கில்லை. உதிரிபாகமும் மின்சாரமும் போதிய தானிய வரத்தும் ஒருசேர அமையாத இடங்களில் எந்திரம் ஓடுவதைவிட நிற்பதே அதிகமாகும். ஆனால் அது ஏன் நிற்கிறது என்பது அங்கிருப்போர் அனைவருக்கும் தெரியும்.

இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 மார்ச்சில் ஏற்று அறிவித்த பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு 2023இல் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 28இல் சுவாமிநாதன் மறைந்தார். விழாக்களும் பிஸ்கட் பொட்டலங்களும் நகரங்களில் பெருகின. உருப்படியான ஒரு முடிவைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு மே மாதம் எடுத்தது: நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் அட்டைதாரர்களுக்கு அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு. தெரிவு கேழ்வரகின்மேல் விழுந்ததற்கு அதன் உமியற்ற தன்மையும் துணைநின்றிருக்க வேண்டும். மூட்டையாக வாங்கி, மூட்டையாக வைத்து, மூட்டையாகவே தந்துவிடலாம். சாமைக்கு அது முடியாது. உமியோடு இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாத சாமை, உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை ஏறத் தொடங்கும். வாடையைத் தவிர்க்க நன்றாகத் தீட்டினால் நார்ச்சத்து போய்விடும், பிறகு அதை வாங்கி உண்ணக் காரணமே இராது. ஆகவே உண்ணும் இடத்துக்கு அருகில், உண்ணும் காலத்துக்கு முன்னர், சிறிது சிறிதாக உமி நீக்குவதே சாமைக்கு உகந்த முறை. கொல்லிமலையின் நியாயவிலைக் கடைகளில் சாமை அரிசி தருவதென்று அரசு முடிவெடுக்குமானால், சமவெளியிலுள்ள இராசிபுரத்தில் ஒரு பெரிய ஆலையை நிறுவுவதா, 14 நாடுகளிலும் சிறு கூடங்களை வைத்து அவற்றுக்கு மின்சாரமும் உதிரிபாகமும் கொள்முதல் விலையும் உறுதி செய்வதா என்பது முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். பெரிய ஆலையின் கணக்குகளை எழுதுவது அதிகாரிகளுக்கு எளிது. சிறு கூடங்களுக்கான ஒதுக்கீடு எந்தத் துறையின் வரவுசெலவுத் தலைப்பில் வரும், வேளாண்மையா, ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலமா, கூட்டுறவா என்ற கேள்வியில்தான் இத்தகைய கோப்புகள் வழக்கமாக நின்றுவிடுகின்றன.